ஆன்மாவுக்கு என்ன விலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடும் தன் மகனைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு தந்தை எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டுதானே என்று விட்டிருக்கிறார். பையன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தன் கதாபாத்திரம் ஒரு பிசாசிடம் ஆன்மாவை விற்றுவிட்டது என்று சொன்னதும் பதறிப்போய் விளையாட்டையே நிறுத்திவிட்டார். நண்பர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பல வருடங்களாக இந்த விளையாட்டை நடத்தி வருகிறவன் நான்; அதாவது கதையை நகர்த்துவதும், பிசாசு உட்பட எதிரில் வருகிறவர்களுக்காகப் பேசுவதும் என் வேலை. அவருடைய பதற்றம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் பையனிடம் அவர் ஒன்று கேட்டிருக்கலாம்: என்ன விலைக்கு விற்றாய், அதற்கப்புறம் என்ன ஆயிற்று?

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளிவந்த விளையாட்டு இது. 1977-இல் அதற்காக வந்த அரக்கர் கையேட்டிலேயே நரகத்துப் பிசாசுகள் இடம்பிடித்துவிட்டன. 1980-களில் அமெரிக்காவில் பெற்றோர்களும் கிறிஸ்தவச் சபைகளும் இதைச் சாத்தான் வழிபாடு என்று எதிர்த்தார்கள். 1985-இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'சிக்ஸ்டி மினிட்ஸ்' நிகழ்ச்சிவரை விவகாரம் போனது. 1989-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பிசாசுகளை நீக்கிவிட்டார்கள்; பிறகு வேறு பெயர் சூட்டித்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்கள் திரும்பி வந்தன. வந்தது நல்லதுதான் என்பேன். தப்பு செய்தால் அதற்கு ஒரு கணக்கு உண்டு என்று இந்த விளையாட்டில் அழுத்தமாகச் சொல்லும் இடம் இந்த ஆன்மா பேரம்தான்.

இந்தக் கற்பனை உலகத்து நரகம் சட்டப்படி நடக்கும் இடம். அங்கே உள்ள பிசாசு ஏமாற்றும், ஆசை காட்டும், ஆனால் எழுதிய ஒப்பந்தத்தை மீறாது. கையெழுத்துப் போட்டவன் செத்தபின் நரகத்தில் பெரிய பதவி கிடைக்கும் என்று கனவு காண்பான். பெரும்பாலும் அவன் போய்ச் சேர்வது லெமூர் என்ற கடைநிலைப் பிசாசாக. உருவம் குலைந்த வெறும் சதைக் குவியல். தான் யார் என்ற நினைவுகூட இருக்காது. கந்துவட்டிக்காரரிடம் வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரின் கதை தெரிந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

2019-இல் வந்த 'டிசென்ட் இன்டு அவெர்னஸ்' என்ற சாகசக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்டுரல் என்ற நகரத்தின் தலைவர் தேவியஸ் கிரீக், சாரியல் என்ற நரகத் தலைவியோடு யாருக்கும் தெரியாமல் ஒப்பந்தம் போடுகிறார். நகரத்துக்கு மேலே இரண்டாவது சூரியன் போல ஓர் ஒளி வருகிறது. மக்கள் அதைத் தெய்வ அருள் என்று கும்பிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் சொன்ன 50 வருடம் முடிந்ததும் நகரம் மொத்தமாக நரகத்துக்குள் இழுக்கப்படுகிறது. கையெழுத்துப் போட்டவர் ஒருவர். மாட்டிக்கொண்டது காய்கறி விற்றவர்கள், குழந்தைகள், ஒன்றுமே அறியாதவர்கள். அந்தச் சாரியலும் ஒரு காலத்தில் தேவதையாக இருந்து விழுந்தவள். விளையாடுகிறவர்கள் முயன்றால் அவளையே மீட்டெடுக்கவும் கதையில் வழி இருக்கிறது.

அதே கதையில் ஆன்மா நாணயம் என்று ஒன்று வருகிறது. நரக இரும்பில் அடித்த கனமான நாணயம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆன்மா அடைபட்டிருக்கும். நரகத்தில் ஓடும் போர் வண்டிகளுக்கு அதுதான் எரிபொருள். ஒரு முழு நாணயத்தை உலையில் போட்டால் வண்டி 24 மணி நேரம் ஓடும், உள்ளே இருந்த ஆன்மா அழிந்துபோகும். நடந்து போனால் நேரம் ஆகும், பின்னால் பிசாசுகள் துரத்துகின்றன. எங்கள் மேசையில் அந்தக் கட்டம் வந்தபோது யாரும் பகடையைத் தொடவில்லை. நாணயத்துக்குள் இருப்பவரிடம் கேள்வி கேட்க விதியில் இடமுண்டு என்றேன். ஒரு பையன் உடனே, "முதல்ல பேரைக் கேளுங்க" என்றான். பெயரைச் சொன்னேன். அதற்கப்புறம் அந்த நாணயத்தை உலையில் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

இன்னொரு முறை, ஒரு கல்லூரி மாணவியின் வீரப் பெண் கதாபாத்திரம், செத்துப்போன தோழனை உயிரோடு மீட்கப் பிசாசிடம் போனாள். ஒப்பந்தத்தை ஒரு முழுத்தாளில் கையால் எழுதி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வா என்று கொடுத்தேன். அடுத்த வாரம் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். 'கேட்கும்போது ஓர் உதவியை மறுக்கக் கூடாது' என்ற வரியில், அப்பாவிகளுக்குத் தீங்கு இல்லாத உதவி என்று சேர்க்கச் சொல்லி வாதாடினாள். சரி என்றது பிசாசு. பதிலுக்கு, இதைப் பற்றி யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டது. கையெழுத்துப் போட்டாள். பல மாதம் கழித்துக் கதையில் விஷயம் வெளியே வந்தபோது, உயிர் பெற்ற தோழனாக விளையாடியவன் கேட்டான்: "நான் கேட்டேனா?" அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் ஆன்மாவை மீட்பதுதான் அதற்கப்புறம் எங்கள் கதையாகவே ஆகிவிட்டது.

என் கோபம் வேறு இடத்தில். 2014 பதிப்பில் வார்லாக் என்ற மந்திரவாதி வகை இருக்கிறது. ஏதோ ஒரு சக்தியோடு உடன்படிக்கை செய்து மந்திரம் பெறுபவர். அந்தச் சக்தி ஒரு பிசாசாகவும் இருக்கலாம். பிசாசு பதிலுக்கு என்ன கேட்கும் என்பதை விதிப்புத்தகம் நடத்துகிறவரிடமே விட்டுவிடுகிறது. பல மேசைகளில் அது ஒன்றுமே கேட்பதில்லை. நெருப்பு மந்திரம் வந்ததும் ஒப்பந்தத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதுதான் கெடுதல் என்று நினைக்கிறேன். கையெழுத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று பழக்குகிறோமே! இதற்கு நேர்மாறாக, விளையாடுகிறவருக்கே தெரியாமல் பேச்சுவாக்கில் ஒரு 'ஆமாம்' வாங்கி ஆன்மாவைப் பறிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்து எடுக்காத முடிவுக்குத் தண்டனை கொடுத்தால் அதில் கதையும் இல்லை, நியாயமும் இல்லை.

பக்தியான வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இப்படி ஒரு காட்சி உண்மையிலேயே உறுத்தலாம். அதை மதிக்க வேண்டும். தொடங்கும் முன்பே எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்வது இன்று நல்ல மேசைகளில் வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டு என்ற முறையும் இருக்கிறது. நடுவில் ஓர் அட்டை இருக்கும், யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். சிறுவர்களோடு விளையாடும்போது அது இல்லாமல் நான் உட்காருவதே இல்லை.

அந்தத் தந்தைக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு அவன் விளையாடிய இடத்துக்குப் போங்கள். நடத்துகிறவரிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பையன் எதைக் காப்பாற்ற விற்றான் என்பது அதில் இருக்கும். ஒப்பந்தமே எழுதவில்லை என்று அவர் சொன்னால், தயவுசெய்து இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.