புளியில் இருக்கும் வேதியியல் பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து மூலக்கூறுகளின், இரு கைகளைப் போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இட, வல வடிவங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், வகுப்பறையானாலும் நாளிதழானாலும் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால் குழந்தைகள் ஊனத்துடன் பிறக்கக் காரணமான தாலிடோமைடு மருந்தின் கதைதான் முதலில் வருகிறது; அதன் ஒரு வடிவம் மட்டுமே தீங்கானது என்பார்கள். அம்மருந்தின் இரு வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும் என்பதால், ஒன்றை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தாலும் தீங்கு நேர்ந்தேயிருக்கும் என்பதைச் சொல்வோர் குறைவு. நம் மாவட்ட மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு, பங்குனியில் போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்து குவியும் புளியில் இருக்கிறது.

புளிப்புக்குக் காரணமான டார்டாரிக் அமிலத்தை மரம் ஒரே வடிவில்தான் உண்டாக்குகிறது. இரு வடிவங்களும் கலந்திருந்த இவ்வமில உப்பின் படிகங்களைத்தான் 1848இல் லூயி பாஸ்டர், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வகைகளாகக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். 1980இல் வேதியியலாளர்கள் ஷார்ப்லஸும் கட்சுகியும் இவ்வமிலம் ஆல்கஹாலுடன் சேர்ந்து உருவாகும் எஸ்டரை (டார்ட்ரேட்டை) டைட்டானியத்துடன் இணைத்து வினைவேகமாற்றியாக்கி, அல்லைல் ஆல்கஹால் என்ற வகைச் சேர்மத்தின் இரட்டைப் பிணைப்பில் ஆக்சிஜன் ஒரு முகத்தில் மட்டுமே ஏறும்படி செய்தனர். டைட்டானியத்துக்குத் தனியாக இடமும் தெரியாது, வலமும் தெரியாது. அதனுடன் பிணைந்துள்ள டார்ட்ரேட்டுதான் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தைத் திறந்துவிடுகிறது. எதிர்வடிவ டார்ட்ரேட்டைச் சேர்த்தால் எதிர்வடிவ விளைபொருளே மிகுதியாகக் கிடைக்கும். இவ்வினைக்கு ஈரம் ஆகாது. நீரை உறிஞ்சும் நுண்துளைப் பொருளான மூலக்கூறு சல்லடையைச் சேர்த்து ஈரத்தை அகற்றிய பிறகே, வினைவேகமாற்றியை நூறு மோலுக்கு ஐந்து, பத்து மோல் என்ற அளவுக்குக் குறைக்க முடிந்தது.

2001ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை ஷார்ப்லஸுடன் பகிர்ந்துகொண்டவர்கள், ரோடியத்தால் பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபாவைத் தயாரிக்க வழி கண்ட நோல்ஸும், ருத்தேனிய வினைவேகமாற்றிகளை உருவாக்கிய நொயோரியும் ஆவர். அவற்றோடு ஒப்பிட்டால் டைட்டானியம் மலிவானது. சிறிய கல்லூரிகளுக்கும் எட்டக்கூடியது.

ஆகவே, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்கள் ஒவ்வொன்றிலும் கரைசல் வழியே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளம் எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கும், சோடியம் விளக்குடன் கூடிய போலாரிமீட்டர் ஒன்று பயன்பாட்டில் இருக்க உயர்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன். டார்டாரிக் அமிலக் கரைசலில் ஒளியின் தளம் வலப்புறம் திரும்புவதைத் தன் கண்ணால் கண்ட மாணவருக்கு, வினைவேகமாற்றியின் வடிவம் விளைபொருளுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை விளக்குவது எளிது. புளிக்கரைசலை அப்படியே குழாயில் ஊற்றினால் அதன் நிறமும் கலங்கலும் ஒளியை மறைக்கும், அதிலுள்ள சர்க்கரைகளும் அளவீட்டைக் குழப்பும் என்பதால், இதற்குத் தூய டார்டாரிக் அமிலத்தையே வாங்கிப் பயன்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கிருஷ்ணகிரி.