சனசமூக நிலைய ஆண்டறிக்கை: சுண்டிக்குளம் பயணமும் நமது ஊர்க்குளமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, பொதுச்சபை உறுப்பினர்களே, வணக்கம்.

கடந்த ஆண்டில் வாசிகசாலை தடையின்றி இயங்கியது. மாலை வகுப்புகள் தொடர்ந்தன. கூரைத் திருத்தமும் முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார் என்பதால், இலங்கையின் வடக்கே உள்ள சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்கு நாம் சென்றுவந்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

பெப்ரவரி 2 உலக ஈரநில தினத்தை ஒட்டிய சனிக்கிழமை அதிகாலை புறப்பட்டோம். ஏ-9 வீதியிலிருந்து புதுக்காட்டுச் சந்தியில் திரும்பி, மருதங்கேணி, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு வழியாகப் பஸ் சென்றது. 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் இது. மாரி மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கியிருந்ததால் பறவைகள் கரையோரமாகவே நின்றன. ஊசிவால் வாத்துகளையும் கரண்டிவாயன்களையும் கண்டோம். ஆனாலும் பிள்ளைகளின் கண்கள் பூநாரைகளை விட்டு அகலவில்லை. தலையைக் கவிழ்த்து, அலகின் மேற்பாகம் கீழே இருக்கும்படி நீரில் அமிழ்த்தி, சேற்றுநீரை வடித்து அவை இரை தேடுவதைத் தொலைநோக்கியில் முறைவைத்துப் பார்த்தார்கள்.

கரைச்சேறு மேலே உப்புப் பூத்து வெளுத்திருந்தது. கால் வைத்ததும் பொருக்கு உடைந்து கரிய சேறு பிதுங்கியது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத சேற்றில் இலைதழை மட்குவதால் எழும் வாடை அது. பறவைகளுக்கு வேண்டிய புழுவும் பூச்சியும் அந்தச் சேற்றில்தான் இருக்கின்றன. இத்தகைய நிலத்தை வெறுந்தரை என்று ஒதுக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

அன்றிரவு உறுப்பினர் ஒருவரின் உறவினர் வளவில் தங்கினோம். ஒடியற்கூழைச் சுற்றி அமர்ந்தபோது பேச்சு தண்ணீர்ப் பக்கம் திரும்பியது. ஆனையிறவில் வீதியும் ரயில் பாதையும் களப்பை, அதாவது கடலோரத்து உவர்நீர் ஏரியை, இரண்டாகப் பிரித்துவிட்டன. கிழக்குப் பகுதிக்குக் கடலோடு உள்ள தொடர்பு சுண்டிக்குளம் தொடுவாய் என்னும் முகத்துவாரம் மட்டுமே. கனகராயன் ஆறு இந்தக் களப்பில்தான் விழுகிறது; இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த வெள்ளமும் இங்கேதான் வந்து சேர்கிறது. தொடுவாயை அடைத்து, நன்னீரைத் தேக்கி, முள்ளியான் வழியாக வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுசெல்லலாம் என்பது பொறியியலாளர் ஆறுமுகம் வகுத்த திட்டம். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், கிணறு உவர்த்துப்போன தோட்டக்காரர் எவருக்கும் அது இனிக்கும். நம் உறுப்பினர் பலர் அப்படியே பேசினார்கள். வீட்டுக்காரர் ஒரு கடற்றொழிலாளி. மழைக்குத் தொடுவாய் திறந்து கடல்நீர் உள்ளே வந்தால்தான் தங்களுக்கு இறால் என்று அவர் அமைதியாகச் சொன்னார். அதன் பிறகு யாரும் அவசரப்பட்டு முடிவு சொல்லவில்லை. இரு பக்கத்து நியாயத்தையும் நேரில் கேட்டது இப்பயணத்தின் பெரும் பேறு என்று நான் கருதுகிறேன்.

ஞாயிறு காலை கரையில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி எடுத்துவந்தோம். இதற்கு ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை, பிள்ளைகளே தொடங்கினார்கள்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே ஒரு கோரிக்கை எழுந்தது. நமது நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறை மழைநீரை உள்வாங்கிச் சேமிக்கிறது. அதற்கு நீரை நிறுத்தி வைப்பவை ஊர்க்குளங்கள். நமது குளமோ தூர்ந்து, ஒரு மூலையில் குப்பை மேடாகிக் கிடக்கிறது. சுண்டிக்குளத்தில் குனிந்து பொறுக்கிய நாம் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது சரியல்ல. எனவே, வரும் ஐப்பசி மழைக்கு முன் குளத்தைத் தூர்வாருவது, குப்பை கொட்டுவதைத் தடுக்க வேலி அமைப்பது, இதற்கான அனுமதியைப் பிரதேச சபையிடம் எழுத்தில் கோருவது என்னும் தீர்மானத்தை நிர்வாக சபை சார்பில் முன்வைக்கிறேன். சிரமதானத்துக்கு வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் பதிந்துவிட்டுச் செல்லுங்கள்.

வாகனச் செலவில் பங்கேற்ற வெளிநாட்டு உறவுகளுக்கும், சமைத்து உபசரித்த கட்டைக்காட்டுக் குடும்பத்துக்கும் நன்றி.

செயலாளர்