அக்கவுண்ட்ஸ் சாரை மாத்தச் சொல்லி கையெழுத்துப் போட்ட பி.காம் பிள்ளையளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நானும் உங்க டிபார்ட்மென்ட்ல படிச்சவதான், பாளையங்கோட்டைல அதே கிளாஸ்ரூம், அதே ஜன்னலோர பெஞ்சு. முடிச்சு நாலு வருஷமாவுது, இப்ப வண்ணார்பேட்டைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கேன். நீங்க பிரின்சிபால்ட்ட குடுக்கப் போற மனுவை யாரோ போட்டோ எடுத்து எங்க பழைய மாணவர் வாட்ஸப் குரூப்ல போட்டிருந்தாவ, நேத்து ராத்திரி வாசிச்சேன், வாசிச்சதுல இருந்து மனசு ஒரு நெலைல இல்ல, அதான் இத எழுதுதேன்.

ஒம்போது மணிக்கு கதவைச் சாத்திருதாரு, வாரத்துக்கு இருவது கணக்கு வீட்டுப்பாடம், நரேஷன் (என்ட்ரிக்குக் கீழ அது எதுக்குன்னு எழுதுத ஒத்த வரி விளக்கம்) எழுதலன்னா மார்க் கிடையாது, ஒயிட்னர் போட்டா அந்தப் பக்கத்தையே திருத்த மாட்டாரு, எல்லார் முன்னாலயும் மட்டம் தட்டிப் பேசுதாரு. இந்த அஞ்சையும் ஒரே மூட்டையா கட்டி, சாரை மாத்துங்கன்னு கேட்டிருக்கிய. இதுல மூணு அவரு உங்களுக்கு செய்யுத நல்லது, ரெண்டு அவரு செய்யுத தப்பு. சேத்து எழுதுனா அந்த ரெண்டு தப்பும் பேசப்படாமலே போயிரும், பிள்ளைய படிக்க சோம்பப்பட்டு எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருவாவ.

ஒயிட்னர்ல இருந்து வாரேன். எனக்கும் மொத செமஸ்டர்ல ஒரு பக்கம் முழுக்க குறுக்க கோடு போட்டுத்தான் பேப்பர் வந்துச்சு. தப்பா எழுதுனா அது மேல ஒரே ஒரு கோடு, பக்கத்துல சரியான தொகை, அடியில இருக்கது வாசிக்கத் தெரியணும், இதுதான் அவரு சட்டம். அன்னைக்கு அழுதேன். வேலைக்கு வந்த பெறகுதான் பாத்தேன், 2023 ஏப்ரல் 1ல இருந்து கம்பெனிய கணக்கு எழுதுத சாப்ட்வேர்ல எடிட் லாக் இருந்தே ஆகணும், எந்த என்ட்ரிய என்னைக்கு மாத்துனோம்னு பதிவாகணும், அத ஆஃப் பண்ண வழியே இருக்கப்படாது, அது வருஷம் பூரா ஓடுச்சான்னு ஆடிட்டர் ரிப்போர்ட்ல எழுதணும். எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த பையனுக்கு இத வெளங்க வைக்க ரெண்டு நாளாச்சு, நம்ம சார்ட்ட படிச்ச யாருக்கும் இத சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல.

நரேஷனும் அப்படித்தான். மூணு வருஷத்துக்கு முந்தின ஒரு ஜர்னல் என்ட்ரிக்கு இப்ப நோட்டீஸ் வந்தா, எழுதுனவன் வேலைய விட்டுப் போயிருப்பான், அந்த ஒத்த வரி நரேஷன்தான் நமக்காகப் பேசும்.

வீட்டுப்பாடத்தப் பத்தி கொஞ்சம் கூடவே சொல்லணும். டிரையல் பேலன்ஸ்ல பற்றும் வரவும் டேலி ஆகலன்னா, வித்தியாசத்த உடனே சஸ்பென்ஸ்ல, அதாவது பெறகு பாக்கலாம்னு ஒதுக்கி வைக்கத கணக்குல, தூக்கிப் போட விடமாட்டாருல்லா. எனக்கு ஒருதடவ 270 ரூவா இடிச்சுது. பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு, மொதல்ல ரெண்டால வகு, 135ன்னு ஒரு தொகை எங்கயாவது பற்று வரவுல சைடு மாறி நிக்கான்னு பாருன்னாரு. இல்ல. இப்ப ஒம்போதால வகுன்னாரு, மிச்சமில்லாம போச்சு, அப்ப ஏதோ ஒரு எண்ணுல இலக்கம் இடம் மாறிருக்கு தேடுன்னுட்டு போயிட்டாரு. கேரேஜ் இன்வேர்ட்ஸ்ல, அதான் சரக்கு கொண்டுவந்த வண்டிக்கூலில, 630ஐ 360ன்னு போட்டிருந்தேன். போன வருஷம் டவுன்ல ஒரு பலசரக்கு மொத்தக்கடைக்கு ஜிஎஸ்டி பாத்துக்கிட்டு இருக்கோம், 3பி ரிட்டர்ன் போட கடைசி நாளு 20ந்தேதி, அன்னைக்கு 19, போர்ட்டல்ல 2பில (சரக்கு வாங்கும்போதே குடுத்த, நாம கட்டுததுல கழிச்சுக்கிடக்கூடிய வரிப் பட்டியல்) இருக்க வரிக்கும் டாலி சாப்ட்வேர்ல ஏறுன வரிக்கும் 4,500 வித்தியாசம். கை தன்னால ஒம்போதால வகுத்துது. ஒரு பில்லுல 8,300 ரூவா வரி, டாலில 3,800ன்னு ஏறியிருக்கு. கவனிக்காம விட்டிருந்தா அந்த அண்ணாச்சி 4,500 ரூவாய கைக்காசுல இருந்து கட்டியிருப்பாவ.

இன்னொண்ணு. ஃபயர் கிளெய்ம் கணக்கெல்லாம் எதுக்குன்னு உங்க மனுவுலயே கேட்டிருக்கிய, தீப்பிடிச்ச குடோன்ல எவ்வளவு சரக்கு இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கத கணக்கு, எங்களுக்கு அதுல மட்டும் ஒரு வாரம் வீட்டுப்பாடம் குடுத்தாரு, நாங்களும் அதையேதான் கேட்டோம். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா, தாமிரபரணில வெள்ளம் வந்து திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்குச்சே, அந்தப் பக்கம் எத்தன கடைல தண்ணி ஏறுச்சு. எங்க ஆபீஸுக்கு ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தாரு, சரக்கும் போச்சு, பில்லு புக்கும் ஊறி கூழாப் போச்சு, இன்சூரன்ஸ்ல ஸ்டாக் எவ்வளவுன்னு காட்டச் சொல்லுதாவ. வருஷ ஆரம்ப ஸ்டாக்க போன வருஷ பேலன்ஸ் ஷீட்ல எடுத்தோம், கொள்முதலும் விற்பனையும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல கெடச்சுது, முந்தின வருஷங்கள்ல நூத்துக்கு எவ்வளவு லாபம் நின்னுச்சுன்னு பாத்து அத விற்பனைல கழிச்சு, மெமோரண்டம் டிரேடிங் அக்கவுண்ட் போட்டு மிச்ச ஸ்டாக்க கண்டுபிடிச்சேன். தீக்கு பதிலா தண்ணி, அவ்வளவுதான், கணக்கு சார் போட்ட அதே கணக்கு. அந்த மனுசன் என் முன்னால ஈர செருப்போட உக்காந்திருந்தாரு. அன்னைக்கு ராத்திரி சாருக்கு போன் போட்டு நன்றி சொன்னேன்.

இவ்வளவு சொல்லுதவ அவரு பக்கம்னு நெனச்சிராதிய. இனிமே சொல்லப்போறது அவருக்கும் சேத்துத்தான், அவரு இத வாசிப்பாருன்னு தெரிஞ்சே எழுதுதேன்.

எங்க கிளாஸ்ல முக்கூடல் பக்கத்துல இருந்து ஒரு பிள்ளை வரும். பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், கணக்குப்பதிவியல்ல நல்ல மார்க்கு. அம்மா பீடி சுத்துதாவ. ஒருநாள் சார் அவள எழுப்பி விட்டு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னா என்னன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு. அவ நின்னா. திரும்பக் கேட்டாரு, இன்னும் வேகமா. நின்னா. நீ எதுக்கும்மா காமர்ஸ் எடுத்த, வீட்ல அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கலாம்லன்னு சொன்னாரு. கிளாஸ் சிரிச்சுது, நானும் அதுல ஒருத்தி, இன்னைக்கும் எனக்கு அது முள்ளாட்டம் குத்துது. சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல வச்சு அவ என்ட்ட கேட்டா, சஸ்பென்ஸ்னா அனாமத்துக் கணக்கா, அதத்தானடி நாங்க ஸ்கூல்ல படிச்சோம், இருப்பாய்வு சேரலன்னா அனாமத்துல வைக்கணும், பெறகு பிழையத் திருத்தி அத முடிக்கணும்னு அப்படியே ஒப்பிச்சா. ஒத்த வார்த்தை தமிழ்ல கேட்டிருந்தா மொத்த கிளாஸுக்கும் அவதான் பதில் சொல்லியிருப்பா.

அதோட போகல. ஆறாங்கிளாஸ்ல இருந்து அவ அம்மாவோட பீடி பாஸ்புக்க அவதான் சரிபாப்பா. கடைல எவ்வளவு எலை குடுத்தாவ, எவ்வளவு தூள் குடுத்தாவ, எத்தன பீடி திருப்பிக் குடுத்தோம், கழிவுன்னு எத்தனைய ஒதுக்குனாவ, கூலில எவ்வளவு பிடிச்சாவ, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஸ்டாக் ரெஜிஸ்டர், நார்மல் லாஸ் (வழக்கமா ஆகுத கழிவு), அப்நார்மல் லாஸ் (அதுக்கு மேல ஆகுத கழிவு)னு நாங்க மூணாவது வருஷம் படிச்சத அவ திண்ணைல உக்காந்து பாத்து வளந்தவ. அந்த நாளுக்குப் பெறகு அவ கடைசி பெஞ்சுக்குப் போயிட்டா, மூணு வருஷமும் ஒரு டவுட்டு கூட கேக்கல. பாஸ் பண்ணுனா, ஆனா சிஏ படிப்போட மொத பரிச்சையான பவுண்டேஷன் எழுதணும்னு மொத வாரத்துல என்ட்ட சொன்னவ, அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல.

இதத்தான் மனுவுல எழுதணும். உங்க மனுவுல 'மட்டம் தட்டிப் பேசுகிறார்'னு ஒத்த வரில முடிச்சிட்டிய. யார்ட்ட, என்னைக்கு, என்ன சொன்னாருன்னு எழுதுங்க, சம்பந்தப்பட்ட பிள்ளை சம்மதிச்சா மட்டும். நரேஷன் இல்லாத என்ட்ரிக்கு மார்க் இல்லன்னு சொல்லித் தந்தவருட்டயே விவரமில்லாத புகாரக் குடுக்கலாமா.

கதவு விஷயமும் நியாயந்தான். பாளைலயும் மேலப்பாளையத்துலயும் இருக்கவங்களுக்கு ஒம்போது மணிங்கது ஒண்ணுமில்ல, ஆலங்குளம், முக்கூடல், நாங்குநேரில இருந்து வார பிள்ளைக்கு ஒரு டவுன் பஸ் தவறுனா ஜங்ஷன்ல எறங்கி அடுத்த பஸ் புடிச்சு வர அரை மணி நேரம் போயிரும். பத்து நிமிஷம் கழிச்சு வந்தவன பின்னால உக்கார விடுறதுல பாடம் ஒண்ணும் கெட்டுப் போவாது. அட்டெண்டன்ஸ் வேணா குடுக்காண்டாம், கணக்க கேக்கவாவது விடட்டும்.

அதனால இப்படி மாத்தி எழுதுங்க. அவர வேற பேப்பருக்கு மாத்தணும்ங்க வரிய எடுத்திருங்க, வீட்டுப்பாடம், நரேஷன், ஒயிட்னர் மூணையும் எடுத்திருங்க. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பிள்ளையளுக்கு மொத செமஸ்டர் முழுக்க ரெண்டு பாஷைலயும் பேரு சொல்லணும், பற்று வரவுல இருந்து அனாமத்து வரைக்கும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதிப் போடணும், குடும்பத்தப் பத்தியோ அம்மா அப்பா தொழிலப் பத்தியோ கிளாஸ்ல ஒரு வார்த்தை வரப்படாது, பத்து நிமிஷம் வரைக்கும் கதவு தொறந்திருக்கணும். கேக்கத தெளிவாக் கேட்டா பிரின்சிபாலும் தட்டிக் கழிக்க முடியாது, சாரும் மனசு நொந்து போக மாட்டாரு. அவருக்கு அந்தப் பிள்ளைய அப்படிச் சொன்னதே ஞாபகம் இருக்காதுன்னு நெனைக்கேன். ஞாபகப்படுத்தணும்.

சனிக்கெழம எனக்கு அரை நாள் லீவு, மத்தியானம் கேண்டீனுக்கு வாரேன். புது மனுவக் கொண்டுவாங்க. அன்னைக்கு சிரிச்ச கிளாஸ்ல நானும் இருந்தேன்னு என் பேரோட ரெஜிஸ்டர் நம்பரையும் சேத்து கீழ எழுதித் தாரேன்.

இப்படிக்கு,
உங்க டிபார்ட்மென்ட் பழைய மாணவி