கறுப்பு ட்யூபை ஒளித்து வை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வெள்ளைக் கோப்பை வாட்டர்கலர் ஓவியத்தை நேற்று இரவே பார்த்துவிட்டேன். "எனக்குக் கை வரவில்லை அண்ணா, விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்" என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்துக் கோபம் வந்ததால்தான் உடனே பதில் போடவில்லை. கோப்பை வாயின் வளைவை அவ்வளவு சரியாகப் பிடித்தவனுக்குக் கை வரவில்லையாம்! கெட்டது அந்த நிழல் மட்டும்தான்.

கறுப்பில் தண்ணீர் கலந்து அடித்திருக்கிறாய். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நிழல் என்றால் கறுப்பு என்று முடித்துவிட்டார், நானும் நம்பிவிட்டேன். அந்த நாள் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் மேஜையெல்லாம் கரி கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது.

சரி, இப்படிச் செய்து பார். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, இரண்டே இரண்டு. சியன்னா கிட்டத்தட்ட கருத்த ஆரஞ்சுதான், நீலத்துக்கு நேர் எதிர், அதனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அடக்கிச் சாம்பலாகிவிடும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். வண்ணம் கலக்கும் பேலட்டில் முழுக்கக் கலக்காமல் அரைகுறையாகவே ஈரத் தாளில் விடு. அல்ட்ராமரைன் துகள்கள் தாளின் குழிகளில் போய்த் தங்கும், அந்தப் பொடிப் புள்ளிகள்தான் நிழலுக்குள் காற்று ஓடுவது போலக் காட்டும். அப்புறம் கையை எடுத்துவிடு, தயவுசெய்து. பாதி காய்ந்த இடத்தில் மறுபடி ஈர பிரஷ்ஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கட்டிக்கொள்ளும், உன் படத்தின் இடது மூலையில் இருப்பது அதுதான். காய்ந்ததும் வாட்டர்கலர் வெளிறும், ஆகவே ஈரத்தில் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தால் பயப்படாதே.

இன்னொன்று. பாரீஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த வேதியியலாளர் ஷெவ்ரல். அவரிடம் கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கடித்திருக்கின்றன. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை இப்படி மாற்றிக் காட்டுவதைப் பற்றி 1839-இல் பெரிய புத்தகமே எழுதிவிட்டார். உன் மேஜைவிரிப்பு மஞ்சள். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, அதனால் அதை ஒட்டிக் கிடக்கிற எந்தச் சாம்பலும் லேசாக ஊதா அடிக்கும். கோப்பையின் வயிற்றிலும் அந்த மஞ்சள் எதிரொளித்திருக்கும், நீ அதை வரையவே இல்லை, ஏனென்றால் கோப்பை வெள்ளை என்று உனக்கு முன்பே 'தெரியும்'.

நேரமில்லை என்கிறாய். பார்ப்பதற்குத் தனியாக நேரம் எதற்கு? பாத்திரம் கழுவும்போது ஈரத் தட்டின் விளிம்பில் என்ன நிறம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும் (நான் இப்படிப் பார்த்து இரண்டு தட்டு உடைத்திருக்கிறேன்). இத்தாலியின் பொலோன்யாவில் மொராண்டி என்ற ஓவியர் தன் படுக்கையறையிலேயே அதே பாட்டில்களையும் கிண்ணங்களையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பல பத்தாண்டுகள் வரைந்தார். பளபளப்பு தொந்தரவு என்று சில பாட்டில்களுக்கு வண்ணமே பூசிவிட்டார்.

இந்த வாரம் அதே கோப்பை, அதே ஜன்னல். விரிப்பை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் போடு. கெட்டுப்போனதையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்