ஹாகார்டின் மகன்

அன்புள்ள முத்து,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். பெரியசாமி இன்னும் பணத்தைத் தரவில்லை, தரவும் மாட்டான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது உன் ‘சாலமன் மன்னனின் சுரங்கங்கள்’ அகப்பட்டது. அட்டை போய்விட்டது. பாதி மழித்த முகத்தோடு கேப்டன் குட் நிற்கும் படத்துக்கு நீ பென்சிலால் வரைந்த மீசை மட்டும் அப்படியே இருக்கிறது. திருடவில்லை, திருப்பித்தர மறந்தேன்!

ஒரே இரவில் முடித்துவிட்டு, எழுதியவரைப் பற்றியும் தேடிப் படித்தேன். ‘புதையல் தீவு’ போல உன்னால் எழுத முடியுமா என்று சகோதரன் சீண்டியதால் ரைடர் ஹாகார்ட் சில வாரங்களில் எழுதிய கதையாம். 100 பவுண்டுக்கு உரிமையை விற்கவிருந்தவரை ஒரு குமாஸ்தாதான் தடுத்து ராயல்டி கேட்கச் சொன்னாராம். 1885இல் வந்த முதல் பதிப்பில் முழுநிலவுக்கு மறுநாளே சூரிய கிரகணம்! பிறகுதான் சந்திர கிரகணமாகத் திருத்தினார். பஞ்சாங்கமும் கையுமாக இருந்த உன் தாத்தா சிரித்தே செத்திருப்பார்.

அன்று கண்ணில் படாதவை இப்போது உறுத்துகின்றன. குட் மீது உயிரையே வைத்திருந்த ஆப்பிரிக்கப் பெண் ஃபவுலாட்டாவை, கறுப்புக்கும் வெள்ளைக்கும் பொருந்தாது என்று அவள் வாயாலேயே சொல்லவைத்துச் சாகடிக்கிறார். 1877இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய கை அல்லவா? ஆனால் அதே கைதான், என்னைவிட அந்த வைரக்கற்கள்தாம் உங்களுக்குப் பெரிது என்று அந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்து ஆப்பிரிக்க மன்னன் உம்போபாவைக் கேட்கவும் வைத்தது. இந்த மனிதரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

சொல்ல வந்தது வேறு. அடுத்த பாகத்தை 1887இல் தன் சிறுவயது மகனுக்குச் சமர்ப்பித்தார். அந்தக் கதை தொடங்குவதோ நாயகன் குவாட்டர்மெயினின் மகன் இறந்த துக்கத்தில். 1891இல் அஸ்டெக் புதையல் ஆசையில் மனைவியோடு மெக்சிகோ போயிருந்தபோது செய்தி வந்தது: தட்டம்மை, பையன் போய்விட்டான். ஒன்பது வயது. அதன் பிறகு வீட்டில் அவன் பேச்சையே எடுக்கமாட்டாராம்.

புத்தகத்தை மூடிவிட்டேன். நான் மஸ்கட்டில் இருந்தபோது செல்விக்கு வந்ததும் அதே தட்டம்மைதான். உன் கடிதம் என் கைக்குக் கிடைப்பதற்குள் இங்கே மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையையும் எடுத்துவிட்டார்கள். இரவெல்லாம் திண்ணையில் விழித்திருந்தவன் நீ. அந்தக் கடிதத்துக்காவது பதில் போட்டேனா? நினைவில்லை.

புத்தகத்தைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. வந்து வாங்கிக்கொள்.

உன்,
ராசு