கையும் பையும் சேர்ந்தால்: பாலர் பள்ளித் தமிழ்ப் பாடம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் தாய் நான். மகள் பாலர் பள்ளியில் படிக்கிறாள்.

சென்ற மாதம் ஓர் அட்டையில் கை, மற்றோர் அட்டையில் பை வரைந்து அருகருகே வைத்தேன். "கைபை" என்றாள் தயக்கத்துடன். இரண்டு மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இல்லை அம்மா, கைப்பை!" என்று கத்தினாள். நடுவில் வந்த அந்த 'ப்' எங்கே என்று அட்டைகளைப் புரட்டித் தேடினாள். சிறிய அட்டையில் 'ப்' எழுதிக் கொடுத்தேன். அடுத்துப் பூவையும் பந்தையும் வைத்தபோது, அந்த அட்டையை அவளே நடுவில் செருகினாள்: பூப்பந்து! பூவுக்கும் மாலைக்கும் அது தேவைப்படவில்லை. வல்லினம், மெல்லினம் என்ற பெயர்களை அவள் அறியமாட்டாள். வேறுபாடு காதில் விழுந்துவிட்டது.

கடையில் வாங்கிய புதிர்ப் பெட்டியில் இதற்கு இடமில்லை. படத்தைப் பார், முதல் எழுத்தைச் சொல் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அம்மாவுக்கு அ, ஆட்டுக்கு ஆ என்று போனால் 12 உயிரெழுத்துகளைக் கடக்கலாம். 216 உயிர்மெய்களை என்ன செய்வது? தமிழில் ஓரெழுத்தே சொல்லாக நிற்கும். அத்தகைய சொற்கள் 42 என்கிறது நன்னூல். பூ, தீ, ஈ, கை, பை போன்றவற்றைக் குழந்தைகளுக்கு வரைந்தே காட்டிவிடலாம். பூவின் படத்தோடு 'னை' சேர்த்தால் பூனை. தீயோடு 'வு' சேர்த்தால் நாம் வாழும் தீவு. கையையும் பையையும் பக்கத்தில் வைத்தாலே 'ஐ' ஒலியைத் தரும் இணைக்கொம்பின் (ை) வேலை புரிந்துவிடுகிறது.

ஒன்றை மறக்கக்கூடாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடுதான். படத்தைக் கண்டதும் பல பிள்ளைகளின் வாயில் ஆங்கிலச் சொல்லே முதலில் வரும். பூ என்ற சொல் வராவிட்டால் பூனை எப்படிப் பிறக்கும்? ஆகவே முதல் சில வாரங்கள் வாய்மொழி விளையாட்டாகவே இருக்கட்டும். சொல் காதில் பழகிய பிறகு படம், அதன் பிறகு எழுத்து.

எழுத்து அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கும் முன் இத்தகைய புதிர் அட்டைகளைத் தமிழிலேயே சிந்தித்து உருவாக்குங்கள். ஒரு கட்டு வீட்டுக்கும் வரட்டும். தாத்தா பாட்டியும் சேர்ந்து விளையாடுவார்கள். தயவுசெய்து இதற்கு மதிப்பெண் போடாதீர்கள்.

எங்கள் வீட்டு அட்டைகள் மாதிரிக்குத் தேவையென்றால் கொடுத்தனுப்புகிறேன். 'ப்' அட்டை மட்டும் சற்றுக் கசங்கியிருக்கும்.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தாய்