பாட்டைப் பதிவு செய்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய திரைப்பாடல்களைப் பற்றி வரும் பக்கத்தை விடாமல் படித்து வருகிறேன். கவிஞர் எந்த வரியை எதற்காக மாற்றினார், இசையமைப்பாளர் எந்த ராகத்தைக் கையில் எடுத்தார், பாடகிக்கு அன்று காய்ச்சல் இருந்தும் எப்படிப் பாடிக் கொடுத்தார் என்று எல்லாம் வருகிறது, படிக்கவும் சுகமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்தவர் யார் என்று இதுவரை ஒரு வரிகூட வரவில்லை. நான் 70களின் கடைசியில் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரத்து ரெக்கார்டிங் தியேட்டரில் கேபிள் சுருட்டுகிற பையனாகச் சேர்ந்து, அப்புறம் ஒலிகளைக் கலக்கும் கன்சோலில் உட்கார்ந்து, சவுண்ட் இன்ஜினியராகவே ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இன்றைக்கு ஒரு லேப்டாப்பும் ஒரு மைக்கும் இருந்தால் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்துவிடலாம், நல்ல விஷயம்தான், வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வழி திறந்திருக்கிறது. ஆனால் உங்கள் பக்கத்தில் வருகிற பாட்டுகள் அப்படிப் பிறந்தவை அல்ல. ஒரே ஹாலில் ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வயலின்கள் ஒரு பக்கம், தபேலாவும் டோலக்கும் தடுப்புக்குள்ளே, பாடகர் கண்ணாடி அறைக்குள்ளே. காலை 7 மணி கால்ஷீட் என்றால் எங்கள் ஆட்கள் அதற்கு முன்பே வந்து மைக் நிறுத்தி, ஒவ்வொரு கேபிளாகத் தட்டிப் பார்த்திருக்க வேண்டும். நோட்ஸ் எழுதி முடிந்ததும் மானிட்டர் என்று சொல்லி ஒத்திகை ஆரம்பமாகும், அது பத்துத் தடவையும் போகும், இருபது தடவையும் போகும். கன்சோலில் இருப்பவர் பாலன்ஸ் பிடிப்பது அந்த நேரத்தில்தான். வயலின்கள் மொத்தமாக எழும்போது பாடகரின் குரலை மூடிவிடக் கூடாது, தபேலா ஜோடியில் கனமான ஒலி தருகிற பாயாவின் கும்காரம் வயிற்றில் கேட்க வேண்டும், ஆனால் உடைந்துவிடக் கூடாது, பின்னால் எங்கோ வாசிக்கிற ஒரு புல்லாங்குழல் துணுக்கும் தொலையக் கூடாது.

எல்லாம் மோனோ. அத்தனை பேர் வாசிப்பதும் பாடுவதும் அந்த நிமிஷத்திலேயே கலந்து ஒரே டிராக்கில் இறங்கிவிடும், பிறகு எதையும் தனியே பிரித்து எடுக்க முடியாது. கடைசிச் சரணத்தில் ஒருவர் அரை அட்சரம் பிந்தினால் பல்லவியிலிருந்து மறுபடி. இடையிசை வரும்போது வயலினைத் தூக்கி, பாடகர் அடுத்த சொல்லைத் தொடுவதற்கு முன்னால் இறக்கி, வீணை வருகிற இரண்டு வரியில் மட்டும் அதை முன்னால் கொண்டுவந்து, பாட்டு ஓடி முடியும்வரை விரல் ஒலியை ஏற்றி இறக்குகிற ஃபேடரில் போய்க்கொண்டே இருக்கும். பாட்டு மனப்பாடம் ஆகாதவரால் அதைச் செய்யவே முடியாது. நீங்கள் இன்று கேட்கிற அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு பகுதி அவர் கையால் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் படம் ஓடுகிற தியேட்டருக்கு ஒலி ஃபிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாக அச்சாகித்தான் போகும். சுமார் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற சலங்கையின் கலகலப்பு, குரலின் மூச்சு, தந்தியின் மினுக்கு எல்லாம் அந்த வழியில் பெரும்பாலும் தேய்ந்துபோகும். அதே பாட்டு இசைத்தட்டிலும் வரும், ரேடியோவிலும் வரும். டூரிங் கொட்டகையில் எப்படிக் கேட்கும், டீக்கடை ரேடியோவில் எப்படிக் கேட்கும் என்று இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கன்சோலில் இருந்தவர் பாலன்ஸ் பிடித்தார்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர், பாட்டு வரிகள் எழுதிய தாளை முதலில் வாங்கிக்கொள்வார். ப, ச தொடங்குகிற சொற்களுக்கெல்லாம் பென்சிலால் கோடு போடுவார். ப வருகிற இடத்தில் பாடகரின் மூச்சு மைக்கில் நேராக மோதி டப்பென்று ஒரு அடி விழும், ச வருகிற இடத்தில் சீறும். அதற்காக மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைப்பார், கோடு போட்ட சொல் வரும்போது விரல் தயாராக இருக்கும். வீணை என்றால் ஏசியை நிறுத்தச் சொல்லிவிடுவார். மே மாதமானாலும் சரி. வீணையின் நாதம் சின்னது, ஏசியின் இரைச்சலே அதை விழுங்கிவிடும். மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் நகம் தந்தியில் படுவதும் விரல் வீணையின் மெட்டுக்கட்டை மேல் சறுக்குவதும் சுரத்தைவிடப் பெரிதாகக் கேட்கும். தள்ளி வைத்தால் பக்கத்து வாத்தியம் எல்லாம் உள்ளே வந்துவிடும். குடத்துக்கு மேலே ஓர் இடம் இருக்கிறது, வாத்தியத்துக்கு வாத்தியம் அது மாறும், வாசிக்கச் சொல்லித் தலையைக் குனிந்து தன் காதை அங்கே கொண்டுபோய், எங்கே இனிமையாகக் கேட்கிறதோ அங்கே மைக்கை நிறுத்துவார். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரே மைக் வைத்த ஒரு புதுப் பையனிடம், “நாதம் விரல் துளைகள் வழியாகவும் வருதுப்பா, தூரமா, கொஞ்சம் உயரமா வை” என்று சொல்லிக் கொடுத்ததை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைத்ததில்லை. தரமணி திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவர்கள்கூட நம் வாத்தியங்களை இப்படிப் பெரியவர்கள் பக்கத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டார்கள்.

டேக் ஓகே ஆனதும் எல்லோரும் கண்ட்ரோல் ரூமுக்கு வந்துவிடுவார்கள். இடம் போதாது, வாசலில் செல்லோக்காரர் நிற்பார், தரையில் தபேலாக்காரர் உட்கார்ந்திருப்பார். டேப்பைப் பின்னால் ஓட்டி முதல் தடவையாகப் போட்டுக் கேட்கிற அந்த நாலு நிமிஷத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருந்தேன் என்று சொல்லலாம். ஊர் உலகம் பிறகு லட்சம் தடவை கேட்கப் போகிற ஒன்றை முதலில் கேட்பவர்கள் நாங்கள். அந்தச் சந்தோஷத்தை வேறு எந்த வேலையும் எனக்குக் கொடுத்திருக்காது.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். சவுண்ட் இன்ஜினியர் எச். ஸ்ரீதரை உங்கள் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏ.ஆர். ரஹ்மானின் இசை அவ்வளவு துல்லியமாக, அடியில் கனமும் மேலே தெளிவுமாக வந்ததில் பெரிய பங்கு அவருடையது. மகாநதி, தில் சே, லகான், கன்னத்தில் முத்தமிட்டால் என்று நான்கு படங்களுக்காக ஒலிப்பதிவில் தேசிய விருது பெற்றவர். டால்பி ஒலி தமிழ் சினிமாவுக்குள் வந்த காலத்தில் அதைக் கையாளக் கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கு வழி காட்டியவர். 2008 டிசம்பர் 1 அன்று, போகிற வயதில்லாத வயதில் போய்விட்டார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஸ்லம்டாக் மில்லியனருக்கு ஆஸ்கர் விருதுகள் வந்தன. ரஹ்மானையும் ரசூல் பூக்குட்டியையும் நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்தப் படத்தின் இசைப்பதிவில் ஸ்ரீதரின் உழைப்பும் இருந்தது என்று எத்தனை பேர் சொன்னார்கள்?

இதில் ரஹ்மானை மனசாரப் பாராட்ட வேண்டும். 90களில் அவர் கேசட்டின் உறையை விரித்தால் புல்லாங்குழல் யார், பேஸ் கிடார் யார், கோரஸ் யார், சவுண்ட் இன்ஜினியர் யார் என்று பெயர் இருக்கும். கடையில் கேசட் வாங்கின பையன்கள் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துத்தான் ஸ்ரீதர், சிவகுமார் போன்ற பெயர்களைத் தெரிந்துகொண்டார்கள், அதில் சிலர் பிறகு எங்களிடமே வேலை கற்றுக்கொள்ள வந்தார்கள். கேசட்டும் போய், சிடியும் போய், பாட்டு செல்போனுக்குள் வந்ததும் அந்த உறை போய்விட்டது. இப்போது பெரும்பாலும் படத்தின் பெயர், பாடகர், இசையமைப்பாளர், அவ்வளவுதான். பழைய பாட்டுகளுக்குப் பாடலாசிரியர் பெயரே பல இடங்களில் தப்பாக இருக்கிறது, எங்கள் பெயருக்கு எங்கே போவது.

அமெரிக்காவில் ரூடி வான் கெல்டர் என்று ஒருவர் இருந்தார். தொழிலால் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் ஹாக்கன்சாக் என்ற ஊரில் அப்பா அம்மா வீட்டு ஹாலையே பதிவுக்கூடமாக்கி, பகலில் கண் பார்த்து, மற்ற நேரத்தில் ஜாஸ் பதிவு செய்தார். 1959இல் சொந்த ஸ்டூடியோ கட்டிக்கொண்டு முழு நேரமாக இறங்கினார். மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் எல்லோரும் அவரிடம் பதிவு செய்திருக்கிறார்கள். அவர் வெட்டிய இசைத்தட்டில், பாட்டு முடிந்து நடுவில் இருக்கிற வெற்று வளையத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்திருக்கும். இன்றைக்கும் பழைய தட்டு வாங்குகிறவர்கள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். அவர் 2016இல் காலமானபோது அங்கே பெரிய பத்திரிகைகள் விரிவாக எழுதின. நம்மிடம் அதே தரத்துக்கு வேலை செய்த ஆட்கள் இருந்தார்கள், அதற்குமேல் கஷ்டப்பட்டும் செய்தார்கள், வசதி குறைவு என்பதால்.

நான் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி கிடைக்க வழி செய்தார்கள், பாடகர்களும் தங்கள் பங்குக்காக அமைப்பு வைத்துப் போராடுகிறார்கள், எல்லாம் நியாயம். பதிவு செய்தவருக்கு அதில் எதுவும் கிடையாது, எங்களில் பலர் அதைக் கேட்டதும் இல்லை. சம்பளம் வாங்கினோம், முடிந்தது. பெயர் மட்டும் அப்படியில்லை.

அந்தப் பெயர் எங்கே எழுதியிருந்தது தெரியுமா? டேப் பெட்டியின் முதுகில். தேதி, படம், பாட்டின் முதல் வரி, எந்த டேக் ஓகே, கீழே இன்ஜினியரின் கையெழுத்து. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், கட்டடத்தை இடிக்கும்போது ஓர் அறை நிறைய இருந்த பெட்டிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். விஷயம் எங்களுக்குத் தெரிந்து ஓடியபோது லாரி போய்விட்டது. பாட்டாவது தட்டிலும் கேசட்டிலும் பிழைத்துக்கொண்டது, யார் பதிவு செய்தார், யார் வாசித்தார் என்பதற்கு இருந்த ஒரே காகிதம் போய்விட்டது. வாகினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று மால் இருக்கிறது, மற்ற பல இடங்களில் அடுக்குமாடி.

இருக்கிற டேப்புகளும் நல்ல நிலையில் இல்லை. அசிடேட்டில் செய்த மேக்னடிக் ஃபிலிம் சென்னை ஈரப்பதத்தில் மெல்ல மெல்லக் கெட்டு, டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், அந்த வாடை வந்துவிட்டால் மீட்பது கஷ்டம். 70களின் நடுவிலிருந்து வந்த டேப்புகளில் சில ரகங்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போய், ஓடவிட்டால் ஹெட்டில் அப்பிக்கொண்டு கிறீச்சிடும். அதைச் சுமார் 54 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாக வைத்து எடுத்து, ஆறியதும் காலம் கடத்தாமல் டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். இதைத் தெரிந்து செய்யக்கூடியவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். வீட்டிலோ கிடங்கிலோ இப்படிப் பெட்டி வைத்திருக்கிற தயாரிப்பாளர் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், குறைந்தபட்சம் பெட்டியின் முதுகையாவது போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது, அந்த ஞாயிறு பக்கத்தில் பாடியவர், எழுதியவர், இசை என்று போடுகிற இடத்தில் ‘ஒலிப்பதிவு’ என்று இன்னும் ஒரு வரி சேர்த்து, பெயரையும் பதிவான தியேட்டரையும் போட வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே போடுங்கள், படித்துவிட்டு யாராவது பேரனோ பேத்தியோ எழுதுவார்கள். இந்தக் கடிதத்தோடு ஒரு பட்டியல் இணைத்திருக்கிறேன். என் நோட்டுகளிலிருந்தும் கூட வேலை பார்த்த நண்பர்களைக் கேட்டும் தயாரித்தது, பாட்டு, படம், தியேட்டர், பதிவு செய்தவர் என்ற வரிசையில் இருக்கிறது. முதலில் இருப்பது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரின் பெயர். சந்தேகம் உள்ள இடங்களில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அதையெல்லாம் விசாரிக்காமல் அச்சில் ஏற்ற வேண்டாம். பட்டியலில் இருப்பவர்களில் சிலர் இப்போதும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும்தான் இருக்கிறார்கள், முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. நிருபரை அனுப்பினால் காலை 11 மணிக்கு மேல் அனுப்புங்கள், ராத்திரி ரெக்கார்டிங் பார்த்த பழக்கம், அவர்கள் எழுந்திருக்கவே நேரமாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சவுண்ட் இன்ஜினியர்,
சாலிகிராமம், சென்னை 93.